சொல்தா வீட்டு லிசான்ஸ்

புதுச்சேரி சொல்தா வீடுகளில், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்களின் வீடுகளில், பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே பாகம் பிரித்துவிடுவார்கள். படிக்கிற பிள்ளை டாக்டருக்கோ வாத்தியாருக்கோ, படிப்பு ஏறாத பிள்ளை பட்டாளத்துக்கு. அக்காவும் நானும் ஒரே பிரெஞ்சு லிசேயில்தான் படித்தோம். அக்கா பாக் என்ற பள்ளி இறுதிப் பரீட்சையை நல்லபடியாக முடித்துவிட்டு மேல்படிப்புக்குப் பிரான்சில் மோன்பெலியே போனாள். நான் பாக்கில் தவறினேன். முத்தியால்பேட்டை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டார்: “விடுங்க, தாத்தா மாதிரி இவன் சொல்தாவா போவட்டும்.” அதைத் திட்டு என்றும் சொல்ல முடியாது, ஆறுதல் என்றும் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் அது ஒரு ஏற்பாடு.

இன்று என்னிடம் ஒரு பிரெஞ்சுப் பல்கலைக்கழகத்தின் லிசான்ஸ், அதாவது மூன்று வருட இளநிலைப் பட்டம், இருக்கிறது. பாக் இன்னும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு தேறாதவன் டிகிரி முடித்திருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் இப்போது இருக்கும் ரீயூனியனில் (இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவு) கோவில் திருவிழாக்களில் இதைச் சொன்னால் பெரியவர்கள் சிரிக்கிறார்கள். ஏதோ மாரிஷஸ் பக்கம் போய்க் காசு கொடுத்து வாங்கியது என்று நினைக்கிறார்கள் போல. காசு கொடுத்து வாங்கவில்லை, சட்டப்படி வாங்கியது. பட்டாளத்தில் நான் பார்த்த வேலையைக் காட்டி வாங்கியது. அது எப்படி நடந்தது என்று கேட்டு வாரம் ஒருவராவது தொலைபேசியில் பேசுகிறார்கள். எழுதிவைத்துவிடுவது நல்லது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு முதலில் சொல்தா யார் என்று சொல்லிவிடுகிறேன். புதுச்சேரி 1954 நவம்பர் 1-ஆம் தேதி நடைமுறையில் இந்தியாவுக்கு வந்தது. ஒப்படைப்பு உடன்படிக்கை 1956-இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16-இல்தான் அமலுக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்கலாம் என்றார்கள். ஏறக்குறைய 5,000 பேர் எழுதிக்கொடுத்தார்கள். அதில் பெரும் பங்கு பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களும் அவர்கள் குடும்பங்களும். என் தாத்தா இந்தோசீனாப் போருக்குப் போய்த் திரும்பியவர். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் மாதா மாதம் பிரான்சிலிருந்து வந்த பென்ஷனில் வீடு கட்டினார், மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்தார். ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலையில் மெடல்களைக் குத்திக்கொண்டு ஊர்வலம் போவார். எங்கள் தெருவில் பி.ஏ. படித்தவரைவிட அவருக்குத்தான் மரியாதை அதிகம். அதனால் பட்டாளம் என்றால் பென்ஷன், படிப்பு என்றால் வேறு யாருக்கோ என்ற கணக்கு எங்கள் தலையில் ஊறிப்போனது. இங்கே ரீயூனியனுக்கு வந்த பிறகும் அந்தக் கணக்கு எங்களை விட்டுப் போகவில்லை.

நான் பாக்கில் தவறிய காலத்தில் பிரான்சில் கட்டாய இராணுவ சேவை இருந்தது, பத்து மாதம். 1979-க்கு முன்னால் பிறந்த ஆண்களுக்குத்தான் அது. 1997 சட்டத்தோடு நிறுத்திவைத்துவிட்டார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருந்த பையன்களுக்குக் கட்டாய சேவை தண்டனையாகத் தெரியவில்லை. பிரான்சுக்குப் போக அதுதான் வழி. நானும் அப்படித்தான் போனேன், பத்து மாதம் முடிந்ததும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். பிறகு சேன் மெக்சானில் இருக்கும் அதிகாரியல்லாத் தலைவர்களுக்கான பள்ளி, செர்ஜான் (சார்ஜெண்ட்) பட்டை, சரக்குப் பிரிவு. கிழக்குப் பிரான்சில் சில குளிர்காலம். கடைசியில் ரீயூனியன் மாற்றல் வந்தபோது மனைவி சாமிக்குக் கற்பூரம் ஏற்றினாள். மாங்காய், முருங்கைக்காய், மாரியம்மன் எல்லாம் இருக்கிற பிரெஞ்சு மண் வேறு எங்கே கிடைக்கும்!

இங்கே தமிழர் என்றால் பெரும்பாலும் மல்பார்கள். 1848-இல் அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழி. பேச்சு கிரியோல் (பிரெஞ்சிலிருந்து வளர்ந்த தீவு மொழி), பூசை தமிழ். எங்களைப் போலப் புதுச்சேரியிலிருந்து பின்னால் வந்து வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்கள் கொஞ்சம்தான். இரண்டு கூட்டத்துக்கும் பொதுவான ஒன்று, வீட்டுக்கு ஒருவராவது சீருடை போட்டிருப்பார்.

சரி, பட்டாளத்தின் வழியாகப் பட்டம் வாங்க எத்தனை வாசல்? எல்லாருக்கும் தெரிந்தவை பெரிய வாசல்கள். சேன் சீரில் அதிகாரிப் பயிற்சி, பொலிதெக்னிக்கில் பொறியியல், லியோனில் இராணுவ மருத்துவப் பள்ளி. மூன்றிலும் அரசே சம்பளம் கொடுத்துப் படிக்கவைக்கும். பதிலுக்கு ஆண்டுக்கணக்கில் சேவை செய்ய வேண்டும். பொலிதெக்னிக்கில் அந்தப் பதில் சேவைக்குக் கொஞ்சம் வேறு விதி. அங்கே போகிறவர்கள் ஏற்கெனவே நன்றாகப் படிக்கிற பிள்ளைகள், அக்கா ரகம். அவர்களுக்கு என் கட்டுரை வேண்டியதில்லை. செர்ஜான்களுக்குள் தேர்வு வைத்து அதிகாரிப் பள்ளிக்கு அனுப்பும் வாசல் ஒன்று உண்டு, அதில் நுழைகிறவர்களும் பட்டத்தோடு வெளியே வருகிறார்கள். நல்ல வழிதான், இடம் குறைவு, வயது வரம்பும் உண்டு.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு வாசல், எங்கள் தீவில் எல்லார் வாயிலும் இருப்பது: ஆர்.எஸ்.எம்.ஏ. கையில் ஒரு சான்றிதழும் இல்லாத 18 முதல் 25 வயதுப் பிள்ளைகளைச் சீருடை போட்டு எடுத்துக்கொண்டு, ஒரு தொழிலும் ஓட்டுநர் உரிமமும் கொடுத்து அனுப்பும் படைப்பிரிவு. இந்தத் திட்டம் 1961-இல் கரீபியன் தீவுகளில் ஆரம்பித்து, ரீயூனியனுக்கு 1965-இல் வந்தது. காலையில் கொடி வணக்கம், பிறகு கொத்தனார் வேலையோ சமையலோ. எங்கள் மல்பார் வீடுகளில் “அவனை அங்க போடு, திருந்திடுவான்” என்றே பேச்சு. நான் அதைக் குறைத்துப் பேச மாட்டேன். காலையில் எழுந்திருக்கவே மறுத்த பையன்கள் ஒரு வருடத்தில் லாரி ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஊரில் சிலர் நினைப்பதுபோல அங்கே பட்டம் கிடைக்காது. அடிப்படைச் சான்றிதழ், தொழில் சான்றிதழ், அத்தோடு சரி. பட்டத்துக்கு அது முதல் படியாகலாம்.

இந்தியாவிலிருந்து என் மச்சான் மகன் கேட்டான், “அமெரிக்காவுல பட்டாளத்துல சேர்ந்தா காலேஜ் ஃப்ரீயாமே, உங்க பிரான்சுல இல்லையா?” அந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகவே பதில் சொல்ல வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1944-இல் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஜி.ஐ. பில் சட்டத்தில், இரண்டாம் உலகப்போரிலிருந்து திரும்பியவர்களில் சுமார் 22 லட்சம் பேர் கல்லூரிக்குப் போனார்கள். இன்றைக்கும் 2001-க்குப் பிந்தைய சேவைக்கான சட்டப்படி 36 மாதப் படிப்புக்குப் பணம் கிடைக்கிறது. இராணுவப் பயிற்சிகளை அவர்களுடைய கல்விக் கவுன்சில் எடைபோட்டு, இத்தனை கிரெடிட் தகும் என்று கல்லூரிகளுக்குப் பரிந்துரைக்கிறது. விமானப்படைக்கென்று தனியாக ஒரு சமூகக் கல்லூரியே 1972-இலிருந்து இருக்கிறது. இந்தியாவிலும் 2022-இல் அக்னிவீரர்களுக்காக இக்னோவில் ஒரு பட்டப்படிப்பை அறிவித்தார்கள். பாதிக் கிரெடிட் படையில் பெற்ற பயிற்சியிலிருந்து வரும், மீதியைப் படித்து வாங்க வேண்டும்.

பிரான்சில் கதை வேறு. அரசுப் பல்கலைக்கழகத்தில் லிசான்ஸுக்கு ஆண்டுக் கட்டணம் 200 யூரோவுக்கும் குறைவு. ஆகவே படிப்புக்குப் பணம் தருகிறேன் என்று சொல்லிப் பிரெஞ்சுப் பட்டாளம் யாரையும் இழுக்க முடியாது. இங்கே சிப்பாய்க்கு இல்லாதது காசு அல்ல, வகுப்பில் உட்கார நேரம்தான். இன்றைக்கு சேன் பியேர், அடுத்த மாதம் மயோத், அதற்கடுத்த வருடம் ஆப்பிரிக்கா என்று திரிகிறவன் எந்தப் பல்கலைக்கழகத்தில் போய் வருகைப்பதிவு கொடுப்பான்? அதனால் இங்கே பொருந்துகிற வாசல், வகுப்புக்கே போகாமல் செய்த வேலையைக் காட்டிப் பட்டம் கேட்கும் வாசல். அதற்கு வே-ஆ-எ என்று பெயர். அனுபவத்தில் கற்றதை மதிப்பிட்டு ஏற்பது. 2002 ஜனவரியில் வந்த சட்டம் இது.

அந்தச் சட்டத்தின் அழகு என்னவென்றால், அது பட்டாளத்துக்காகப் போட்ட சட்டமே அல்ல. தாதி, கணக்கர், சமையற்காரர், சங்கத்தில் தொண்டு செய்தவர், யார் வேண்டுமானாலும் கேட்கலாம். முதலில் மூன்று வருட அனுபவம் வேண்டும் என்றார்கள், 2016-இல் அதை ஒரு வருடமாகக் குறைத்தார்கள், 2022 டிசம்பர் சட்டத்தில் அந்த நிபந்தனையையே எடுத்துவிட்டார்கள். பாக் இருக்கிறதா என்று எந்த இடத்திலும் கேட்பதில்லை. கேட்பது ஒன்றுதான்: இந்தப் பட்டம் வாங்கியவனுக்குத் தெரிந்திருக்க வேண்டியதெல்லாம் உனக்குத் தெரியும் என்று எப்படிக் காட்டுவாய்?

காட்டுவது இரண்டு லிவ்ரேக்களில், அதாவது கோப்புகளில். முதல் லிவ்ரே சும்மா தகுதி மனு. சேவைப் பதிவேடு, பயிற்சிச் சான்றிதழ்கள், படிவங்கள். இதற்குப் பயப்பட ஒன்றும் இல்லை. இரண்டாவது லிவ்ரேதான் ஆளைத் தின்னும். செய்த வேலைகளில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, என்ன பிரச்சினை, என்ன வழிகள் இருந்தன, எதை எடுத்தாய், ஏன், என்ன விளைந்தது என்று விவரமாக எழுத வேண்டும். புத்தகம் மாதிரியே ஆகிவிடும். அதைப் படித்துவிட்டு ஜூரி கூப்பிட்டுப் பேசும். பேராசிரியர்களும் அந்தத் தொழிலில் இருப்பவர்களும் கலந்த ஜூரி. முழுப் பட்டமும் தரலாம், ஒரு பகுதியைத் தரலாம், ஒன்றுமே இல்லை என்றும் சொல்லலாம்.

நான் கேட்டது தளவாட மேலாண்மையில் தொழில்சார் லிசான்ஸ். இருபது வருடத்துக்கு மேல் பெட்டி எண்ணியவன், இதை எழுதுவதற்கு என்ன என்று உட்கார்ந்தேன். முதல் அத்தியாயத்தைப் பல்கலைக்கழகத்தில் எனக்குத் துணையாகப் போட்டிருந்த பெண்மணிக்கு அனுப்பினேன். பத்திக்குப் பத்தி ஓரத்தில் ஒரே குறிப்போடு திரும்பி வந்தது: “இங்கே நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?”

கேட்டதில் நியாயம் இருந்தது. பட்டாளத்துக் காகிதத்தில் ஆள் இருக்க மாட்டான். ‘பிரிவு விநியோகத்தை உறுதிசெய்தது’, ‘உத்தரவுப்படி சரக்கு ஒப்படைக்கப்பட்டது’. அப்படித்தான் எழுதப் பழக்குவார்கள். கையெழுத்துப் போடுகிறவர் கேப்டன், பெயர் வருவது படைப்பிரிவுக்கு, வேலை செய்தவன் பட்டியலில் ஓர் எண். போர்க்களத்தில் அந்தப் பழக்கம் தேவை, நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டாவது லிவ்ரேயில் அது விஷம். நீ முடிவெடுத்தாயா, சொன்னதைச் செய்தாயா என்பதுதான் அங்கே பட்டத்துக்கும் வெறும் சான்றிதழுக்கும் வித்தியாசம்.

எதைப் பற்றி எழுதலாம் என்று யோசித்ததில் கடைசியில் ஏரோப்பா தீவுதான் எடுபட்டது. பெயரைப் பார்த்து ஐரோப்பா என்று நினைத்துவிடாதீர்கள். மொசாம்பிக் கால்வாயில், ரீயூனியனிலிருந்து ஏறக்குறைய 1,500 கி.மீ. மேற்கே கிடக்கும் குட்டித் தீவு. ஊர் கிடையாது, குடிநீர் ஊற்று கிடையாது, கொசு உண்டு, முட்டையிட வரும் கடலாமைகள் உண்டு. மடகாஸ்கரும் அதைத் தன்னுடையது என்கிறது. அதனால் பிரான்ஸ் எப்போதும் ஒரு சிறு காவல் குழுவை அங்கே வைத்திருக்கிறது: பதினைந்து பேருக்குள், அதில் ஒருவர் ஜாந்தார்ம் (இராணுவப் போலீஸ்காரர்). ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாறும். மாறும்போது விமானம் போகும், அந்த விமானத்தில்தான் சாப்பாடும் போகும்.

திரான்சால் விமானம் இருந்த காலத்தில் கவலை இல்லை. 16 டன் வரை தூக்கும். ஆளை ஏற்று, மூட்டையை ஏற்று, இன்னும் இடம் இருக்கும். பழைய திரான்சால்களை எடுத்துவிட்டுக் கசா விமானத்தைக் கொண்டுவந்தார்கள். நல்ல விமானம்தான், ஆனால் தூக்குவது ஐந்தாறு டன், அதுவும் காகிதத்தில். ஏரோப்பா வரை போய்த் திரும்ப எரிபொருளையும் அதுவே சுமக்க வேண்டும். தூரம் கூடினால் எரிபொருள் கூடும், எரிபொருள் கூடினால் சரக்கு குறையும். போதாக்குறைக்கு, ஒரு சிப்பாய் தன் மூட்டை முடிச்சோடு நூறு கிலோவுக்கு மேல். பதினைந்து பேர் என்றால் அங்கேயே ஒன்றரை டன் போய்விட்டது.

பழைய பட்டியலை அப்படியே வைத்துக்கொண்டு எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைக்கலாம் என்றார்கள். அலுவலகங்களில் இது வழக்கமான தீர்ப்பு. யாருக்கும் மனத்தாங்கல் வராது, யாருக்கும் போதவும் போதாது. நான் பட்டியலை மூன்றாக உடைத்தேன். கெடாதவை, கனமானவை எல்லாம் ஒரு பக்கம்: டீசல், டப்பா உணவு, தண்ணீர் இருப்பு. அவை கடற்படைக் கப்பல் அந்தப் பக்கம் போகும்போது போகட்டும். கெடக்கூடியவை, அவசரமானவை விமானத்துக்கு: உறைந்த இறைச்சி, காய்கறி, மருந்து, ஜெனரேட்டர் உதிரிகள், கடிதங்கள். மூன்றாவது, அங்கேயே ஆக்கக்கூடியவை. ரொட்டி விமானத்தில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு வெறும் காற்றைச் சுமக்கும். மாவும் ஈஸ்டும் அனுப்பினால் போதும். அரிசியையும் பருப்பையும் கூட்டினேன். கிலோவுக்கு எத்தனை வேளை என்று பார்த்தால் அவற்றை அடிக்க எதுவும் இல்லை. அதைச் சொல்ல தமிழனாகப் பிறந்திருக்க வேண்டும் என்று இல்லை, கிரியோல் சமையலும் சோறும் பருப்பும்தான். பாரிஸ் பக்கத்துப் பையன்கள் சிலர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். நவம்பரில் புயல் காலம் தொடங்குவதற்கு முன்னால் கப்பலில் போகும் இருப்பைக் கூட்டவைத்தேன், விமானம் தாமதமானாலும் யாரும் பட்டினி கிடக்கக் கூடாது என்று.

இவ்வளவுதான் விஷயம். என் வீட்டில் மனைவி செய்கிற மளிகைக் கணக்குக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இதையே பல்கலைக்கழகப் பாஷையில் சொன்னால் கொள்ளளவுக் கட்டுப்பாடு, பல்வழிப் போக்குவரத்து, பாதுகாப்பு இருப்பு. மூன்றாம் ஆண்டுப் பாடம். பாடத்தின் பெயரே தெரியாமல் பாடத்தைச் செய்திருக்கிறேன். துணைக்கு இருந்த அந்தப் பெண்மணி மூன்று புத்தகங்களின் பெயரைக் கொடுத்து, “இதில் உங்கள் கணக்கு எந்த அத்தியாயத்தில் வருகிறது என்று பாருங்கள்” என்றார். இரவில் படித்தேன். வே-ஆ-எ என்றால் படிக்கவே வேண்டாம் என்று சொல்லித் திரிகிறவர்கள் இந்த இடத்தை விட்டுவிடுகிறார்கள். படிக்கத்தான் வேண்டும். என்ன, மற்றவர்கள் பாடம் படித்துவிட்டு வேலைக்குப் போவார்கள், நாங்கள் வேலையை முடித்துவிட்டுப் பாடத்தைத் தேடுகிறோம்.

எழுதக் கூடாதவையும் உண்டு. எத்தனை ஆயுதம், எந்த வழி, எந்தத் தேதி என்பதெல்லாம் லிவ்ரேயில் வரக் கூடாது. சந்தேகமானதை முன்கூட்டியே படைப்பிரிவில் காட்டிவிடுவது நல்லது. சோற்றுக் கணக்கில் இரகசியம் இல்லை என்பதும் நான் ஏரோப்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம்.

ஜூரி வீடியோவில் நடந்தது. பல்கலைக்கழகம் பிரான்சில், நான் ரீயூனியனின் தலைநகர் சேன் தெனியில், எங்கள் வீட்டுச் சின்ன அறையில். பின்னால் சாமி படம் தெரிகிறதே என்று மகள் கேமராவைத் திருப்பி வைத்தாள். நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் பெரிய கடைக் குழுமம் ஒன்றின் கிடங்கை நடத்துபவர், கையில் என் லிவ்ரே, நிறைய மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தார். பேராசிரியர்கள் மரியாதையாகத் தொடங்கினார்கள். இவர் நேராக வந்துவிட்டார்: “இந்தப் பட்டியலின் கீழே கேப்டனின் கையெழுத்து இருக்கிறது. உங்கள் முடிவு என்று எப்படி நம்புவது?”

அந்தக் கேள்விக்குத்தான் நான் தயாராகி வந்திருந்தேன். கேப்டன் கையெழுத்துப் போடுவதற்கு முந்தைய வரைவுகள், அவர் வேண்டாம் என்று அடித்த வரிகள், நான் ஏன் மறுபடி சேர்த்தேன் என்று எழுதிய குறிப்பு எல்லாம் பின்னிணைப்பில் இருந்தன. ஓய்வுபெற்ற அந்தக் கேப்டனே ஒரு கடிதமும் கொடுத்திருந்தார். கிடங்குக்காரர் பின்னிணைப்பைப் புரட்டிப் பார்த்தார். அப்புறம் அவர் கேட்டதெல்லாம் தொழில்காரன் தொழில்காரனிடம் கேட்கிற கேள்விகள். உறைந்த இறைச்சி ஓடுதளத்தில் வெயிலில் எவ்வளவு நேரம் கிடக்கும்? கப்பல் வராமல் போனால் எதை முதலில் நிறுத்துவீர்கள்? இதே வேலையைச் சாதாரண நிறுவனத்தில் செய்தால் எது மாறும்? கடைசிக் கேள்விக்கு, “அங்கே செலவைக் கேட்பார்கள்” என்றேன். சிரித்தார்கள். பட்டாளத்தில் ஒரு டன்னை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக என்ன செலவு என்று செர்ஜான் கேட்பதில்லை, அது மேலே இருப்பவர்களின் தலைவலி. அந்த ஒரு பாடத்தை மட்டும் வெளியே படித்து வரச் சொன்னார்கள், மற்றதெல்லாம் தந்துவிட்டார்கள். பகுதியாகக் கிடைத்தது கையைவிட்டுப் போகாது. செலவுக் கணக்கியலைத் தொலைதூரத்தில் படித்து எழுதி முடித்தேன். பாக்கில் என்னைத் தவறவைத்ததும் கணக்குதான் என்பதால், அந்தத் தாளை வாங்கியபோது இருந்த சந்தோஷம் பட்டத்தை வாங்கியபோது இல்லை.

பட்டம் என்ன செய்தது? பெரிதாக ஊதிச் சொல்ல விருப்பமில்லை. செர்ஜான், அதற்கு மேலான அஜுதான் தரத்தில் இருப்பவர்களுக்கு 17 வருடச் சேவை முடிந்தால் உடனே பென்ஷன் வரும். அது இருப்பதால் எங்கள் ஆட்கள் பலர் காகிதத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. நாற்பது வயதில் பென்ஷனோடு வெளியே வந்து, காவலாளி வேலைக்குப் போய் நிற்பார்கள். முப்பது பேரை நடத்தியவர்கள், கோடிக்கணக்கான யூரோச் சரக்குக்குப் பொறுப்பாக இருந்தவர்கள். வெளியே மனிதவளப் பெண்ணுக்கு அஜுதான் என்றால் என்னவென்று தெரியாது. லிசான்ஸ் என்றால் தெரியும். எனக்கு வேலை கொடுத்த துறைமுகப் பக்கத்துக் கிடங்கில் முதலில் மேற்பார்வையாளர் சம்பளம்தான் பேசினார்கள். பட்டத்தின் நகலைக் கேட்டு வாங்கியபின் பேசிய சம்பளம் வேறு. அரசு வேலைக்கு ‘ஏ’ பிரிவுத் தேர்வு எழுதவும் லிசான்ஸ் வேண்டும். இதில் ஒரு வேடிக்கை: பிரெஞ்சு அரசுத் தேர்வுகளில் மூன்று பிள்ளை பெற்று வளர்த்தவர்களுக்குப் பெரும்பாலும் பட்ட நிபந்தனையே கிடையாது. எங்களுக்கு இரண்டுதான். “அவ்வளவு பக்கம் எழுதினதுக்கு இன்னொண்ணு பெத்திருக்கலாம்” என்று மனைவி இன்றைக்கும் சொல்கிறாள்.

என் மனக்குறை ஒன்று உண்டு. வெளியே போகும் சிப்பாய்க்குத் துணைசெய்ய இராணுவ அமைச்சகத்தில் தனி முகமையே இருக்கிறது, செலவுக்கு ஒவ்வொருவர் பெயரிலும் பயிற்சிக் கணக்கு இருக்கிறது. பட்டாளத்தின் உயர்நிலைத் தொழில் சான்றிதழ்கள் பலவும் நாட்டின் தகுதிப் பதிவேட்டில் ஏறியிருக்கின்றன. வசதிக்குக் குறைவில்லை. ஆனால் எந்தப் படைப்பிரிவிலும் இதைக் காதில் போடுகிறவர் அபூர்வம். நல்ல செர்ஜான்களைப் படிப்பின் பக்கம் அனுப்பினால் வெளியே போய்விடுவார்களோ என்ற பயம் மேலே இருக்கிறது என்பது என் சந்தேகம். கீழே இருக்கிறவனும் கேட்க மாட்டான், ஏனென்றால் அவன் வீட்டில் ஓர் அத்தை அவனை எப்போதோ பாகம் பிரித்து வைத்திருக்கிறாள். ஐந்து வருட ஒப்பந்தத்தோடு, பென்ஷனும் இல்லாமல் வெளியே வருகிறவர்கள்தான் இதில் அதிகம் நஷ்டப்படுகிறார்கள். அவர்களிடம் காட்ட வேலை இருக்கிறது, காட்ட வேண்டும் என்று தெரியாது.

இப்போது என்னிடம் வருகிறவன் சேன் லூயியைச் சேர்ந்த மல்பார் பையன். கப்போரால்-ஷெஃப் (செர்ஜானுக்குக் கீழ்த் தரம்), வாகன மெக்கானிக். அவன் அம்மா காவடித் திருவிழாவில் என் மனைவியைப் பிடித்துச் சொல்லி அனுப்பிவைத்தார். என்னைத் தோன்தோன் (மாமா) என்று கூப்பிடுவான், தமிழில் சாமி பாட்டு மட்டும் தெரியும், மீதி கிரியோல். ஆர்.எஸ்.எம்.ஏ.யில் தொடங்கியவன். அங்கே கற்ற மெக்கானிக் வேலையோடு படையில் சேர்ந்து, மாலியில் காவோ முகாமில் கவச வண்டிகளை ஓடவைத்துவிட்டு வந்திருக்கிறான். நான் போன லிசான்ஸ் வரை இப்போதே வேண்டாம், இரண்டாண்டுப் பட்டயம் ஒன்றைக் கேட்போம் என்று முடிவுசெய்திருக்கிறோம். அவன் காவோவைப் பற்றி எழுதிக் கொண்டுவந்தது இரண்டே வரி: ‘வண்டிகளின் பராமரிப்பு நடைபெற்றது. கிடைத்த உதிரிகள் பயன்படுத்தப்பட்டன.’

கிடைத்த உதிரிகள் எங்கிருந்து கிடைத்தன என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றான். பிறகு சொன்னான். மணல் போய் அடைத்த வண்டிகளில், எது இனித் தேறாது என்று அவனே பார்த்து ஒதுக்கி, அதன் பாகங்களைக் கழற்றி மற்ற வண்டிகளுக்குப் போட்டிருக்கிறான். பிரான்சிலிருந்து உதிரி வரும் வரை காத்திருந்தால் காலை ரோந்துக்கு வண்டி இருக்காது. எந்த வண்டியைப் பலி கொடுப்பது என்பதற்குத் தனியாக ஒரு நோட்டு வைத்து, பாகம் பாகமாகக் குறித்திருக்கிறான். அதிகாரிக்குத் தெரியுமா என்றால், தெரியும், ஆனால் எழுத்தில் இல்லை என்றான்.

“தோன்தோன், அத எழுதினா ஜூரி கோச்சுக்காதா? அது எல்லாரும் செய்யறதுதானே.”

எல்லாரும் நோட்டு வைத்தார்களா என்று கேட்டேன். இல்லை என்றான். அந்த நோட்டு இருக்கிறதா? அம்மா வீட்டில் இருக்கும் என்றான். ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அதிகாரியிடம் எதைக் காட்டலாம், எதை மறைக்க வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொண்டு வர வேண்டும் என்றும். அவன் ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது. சேவைப் பதிவேட்டின் நகல், ஆண்டு மதிப்பீட்டுத் தாள்கள், பயிற்சிச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் உள்ளே இருக்கும்போதே வாங்கிவிடு என்றேன். வெளியே வந்துவிட்டால் கோப்பு கடைசியில் பிரான்சின் தெற்கே போ நகரத்து ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் கடிதம் எழுதிவிட்டுத் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும், அதற்குள் ஜூரித் தேதி வந்துவிடும்.